சிவலோகமா, இயற்கையா, காலமா?

கேள்வி (செம்பூரிலிருந்து ஒரு வாசகர், வயது 41. நீண்ட கடிதம், சுருக்கியிருக்கிறேன்):

மேடம், வணக்கம். என் அப்பா போன நவம்பரில் இறந்துபோனார். வயது 76. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1971இல் பம்பாய் வந்து, மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து 2009இல் ஓய்வு பெற்றவர். பெரியார் பற்றாளர். அம்மா நேர் எதிர். செவ்வாய்க்கிழமை செட்டா நகர் முருகனைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அஞ்சலி கார்டு அடிக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்று போடச் சொன்னார் அம்மா. “அண்ணன் இருந்தா கிழிச்சுப் போட்டிருப்பார், இயற்கை எய்தினார்னு போடு” என்றார் சித்தப்பா. நான் ‘காலமானார்’ என்று போட்டேன். இரண்டு பேருக்கும் கோபம். அம்மாவுக்குக் கருமாதியும் ராமேஸ்வரமும் வேண்டும், சித்தப்பாவுக்குப் படத்திறப்பு மட்டும் போதும். இரண்டுமே நடக்கவில்லை. அஸ்தி மூன்று மாதமாகச் சுடுகாட்டு அலமாரியில் இருக்கிறது.

கடைசி ராத்திரி ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒன்பது மணி வாக்கில் அப்பா கேட்டது, “லைஃப் சர்டிபிகேட் அனுப்பிட்டியாடா?” அனுப்பவில்லை. “அனுப்பிட்டேன்ப்பா” என்று பொய் சொன்னேன். அப்புறம் அவர் பேசவில்லை. விடியற்காலை நாலரைக்கு, குளித்துவிட்டு அம்மாவை அழைத்துவரலாம் என்று கிளம்பினேன். 5.10க்கு முடிந்துவிட்டது. குர்லா பிளாட்பாரத்தில் நிற்கும்போது போன் வந்தது. ஒரு மனுஷனின் கடைசிப் பேச்சு இதுவா மேடம்? அப்பாவை எடுத்த அன்று எதிர்க் கட்டடத்தில் கல்யாண பேண்டு வேறு. வெறுத்துப்போயிற்று.

இப்போது 8.17 லோக்கலில் ஏற முடியவில்லை. இரண்டு மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நிற்கிறேன். எல்லாம் முடிந்துபோகும் என்றால் இந்த ஓட்டம் எதற்கு? ராத்திரி இரண்டு மணிவரை கீதை, புத்தர், பகுத்தறிவு என்று யூடியூபில் கேட்கிறேன். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். எட்டு வயது மகளிடம் தாத்தா தூங்கிவிட்டார் என்று சொன்னேன், இப்போது அவள் தூங்கப் பயப்படுகிறாள். அப்பாவின் மஞ்சப்பை பீரோ மேலே அப்படியே இருக்கிறது, திறக்கவில்லை. செத்த பிறகு என்னதான் இருக்கிறது? யார் சொல்வது சரி?

பதில்:

தம்பி,

யார் சொல்வது சரி என்பதற்குப் போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழுப்பாமல் உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். வண்டிகளை விட்டுவிட்டு நிற்கிறீர்களே, அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடுகிறது? ஏறப் பிடிக்கவில்லை, ஆபீஸ் பிடிக்கவில்லை என்பது மட்டுமா? இல்லை, ‘நாமும் போய்விட்டால் என்ன’ என்று ஒரு கணமாவது வந்து போகிறதா? வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, துக்கத்தில் இருப்பவர்கள் பலர் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கக் கூடாது. அன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். 14416க்குப் போன் போடுங்கள். அது மத்திய அரசின் டெலி-மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணம் வரவே இல்லையென்றால் நல்லது. எண்ணை மட்டும் போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் தத்துவம் படித்தவள் இல்லை. 26 வருடமாக இந்த ஊரில் புற்றுநோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர். நீங்கள் கேட்ட கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். சாகப்போகிறவர்கள் கேட்பது குறைவு, பின்னால் நிற்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கார்டு சண்டை. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் இறந்ததைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள். சைவர் வீட்டில் சிவலோகப் பதவி. வைணவர் வீட்டில் ஆசாரியன் திருவடி அடைந்தார். தாராவியில் ஒரு கிறித்தவக் குடும்பத்தின் சுவரொட்டியில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று இருக்கும், நாலு வீடு தள்ளி ஒரு பாய் வீட்டில் ‘மௌத்தாகிவிட்டார்’ என்பார்கள். உங்கள் சித்தப்பாவின் தோழர்களுக்கு ‘இயற்கை எய்தினார்’. ஒவ்வொரு சொல்லும் ஒரு முழுத் தத்துவம். ஆள் எங்கே போனார், யாரிடம் போனார், போக ஓர் இடம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் அம்மாவும் சித்தப்பாவும் அப்படி மல்லுக்கு நின்றார்கள். அச்சகத்துக்காரருக்கு அது ஒரு வரி, அவர்களுக்கு அது அப்பாவின் விலாசம்.

நீங்கள் போட்ட ‘காலமானார்’ நழுவல் சொல் என்று நீங்களே நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை. காலம் ஆனார். காலமாகவே ஆகிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாம் கார்டில் போடத் தயங்குகிற ‘இறந்தார்’ என்பதற்குக்கூட அடிப்படைப் பொருள் கடந்து சென்றார் என்பதுதான், ‘இறந்த காலம்’ என்கிறோமே அந்த இறத்தல். மூன்றில் எதைப் போட்டிருந்தாலும் தப்பில்லை. நீங்கள் போட்டது, ‘எனக்குத் தெரியாது’ என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல்.

தெரியாது என்பது அவமானமும் இல்லை. கடோபநிஷதத்தில் நசிகேதன் என்ற பையன் எமன் வீட்டு வாசலில் மூன்று ராத்திரி சாப்பாடில்லாமல் காத்திருப்பான். விருந்தாளியைக் காக்கவைத்ததற்கு ஈடாக எமன் மூன்று வரம் தருவான். மூன்றாவது வரமாகப் பையன் கேட்பது உங்கள் கேள்வியேதான்: செத்தவனைப் பற்றி, இருக்கிறான் என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொல்கிறார்கள், எது நிஜம்? அங்கேயும் ஒரு அம்மாவும் ஒரு சித்தப்பாவும் இருந்திருக்க வேண்டும்! இதற்கு எமன் என்ன செய்கிறான் தெரியுமா? நழுவப் பார்க்கிறான். இதில் தேவர்களுக்கே முன்பு சந்தேகம் இருந்தது, வேறு ஏதாவது கேள், நூறு வயது வாழும் பிள்ளைகள் தருகிறேன், யானை தருகிறேன், பொன் தருகிறேன் என்கிறான். மரணமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கியதாக எழுதிவைத்தவர் யாரோ, அவர் துக்கம் தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றும்.

பையன் விடவில்லை, எமன் கடைசியில் சொல்கிறான். ஆன்மா பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை. சரி, முடிந்ததா? முடியவில்லை. அந்த ஆன்மாவும் பரம்பொருளும் ஒன்றே, இரண்டாகத் தெரிவது அறியாமை என்கிறது சங்கரர் வழி. இல்லை, முக்தியிலும் ஆன்மா ஆன்மாவாகவே இருந்து பெருமாளுக்குத் தொண்டு செய்யும் என்பது ராமானுசர் வழி. உயிர்கள் அனாதி, பாசம் நீங்கிச் சிவனடியில் கலந்தாலும் சிவனாகவே ஆகிவிடுவதில்லை என்று சைவ சித்தாந்தம் சொல்லும். ஆக, ‘இந்து மதம் என்ன சொல்கிறது’ என்று ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபில் தேடினால் மூன்று பேர் மூன்று பதில் சொல்லத்தான் செய்வார்கள். குழப்பம் உங்களுடையது இல்லை. இந்த ஊரிலேயே கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜ் என்ற ஞானி, 1981இல் மறைந்தவர், தொண்டைப் புற்றுநோய் வந்த பிறகும் தான் பிறக்கவே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அது போதுமாயிருந்தது. உங்கள் அம்மாவிடம் போய் ‘அப்பா பிறக்கவே இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி பறந்து வரும்.

புத்தர் இதை வேறு மாதிரி கையாண்டார். மாலுங்கியபுத்தர் என்ற சீடர், உலகம் நிலையானதா, ஞானி இறந்த பிறகு இருக்கிறாரா இல்லையா, பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டுப் போய்விடுவேன் என்று நின்றார். புத்தர் பதில் சொல்லவில்லை. நச்சு அம்பு தைத்தவன், எய்தவன் எந்த ஊர், என்ன குலம், வில் எந்த மரம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் அதற்குள் செத்துப்போவான் என்றார். 1956 டிசம்பர் 7ஆம் தேதி தாதர் கடற்கரையில் அம்பேத்கருக்கு எரியூட்டினார்கள். அழியாத ஆன்மா ஒன்று உடம்பு விட்டு உடம்பு போகிறது என்ற கருத்தை அவர் தன் பௌத்தத்தில் ஏற்கவில்லை. ஆனால் அவர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அங்கே இருக்கும் சைத்யபூமி நினைவிடத்துக்குப் போய்ப் பாருங்கள், லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பூ வைக்கிறார்கள். ஆன்மா இல்லை என்று சொன்னவருக்காக நாள் கணக்கில் ரயிலில் வந்து நிற்கிறார்கள். பூ வைப்பதற்கு ஆன்மா பற்றிய தீர்ப்பு தேவைப்படவில்லை.

உங்கள் சித்தப்பாவின் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். ‘செத்தால் ஒன்றுமில்லை’ என்பது வறண்ட பேச்சு என்று பக்தர்கள் நினைக்கிறார்கள். கிரேக்கத்தில் எபிகியூரஸ் சொன்னது, நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, பிறகு பயம் எதற்கு என்பதுதான். பயத்தைப் போக்கத்தான் அதைச் சொன்னார். இந்த நம்பிக்கையோடு கண்மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். பக்தியோடு போனவர்களைவிட அவர்கள் அதிகம் நடுங்கியதாக எனக்கு நினைவில்லை. குறைவாக நடுங்கியதாகவும் இல்லை. யார் எப்படிப் போகிறார் என்பது கொள்கையைப் பொறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. வலி அடங்கியிருந்ததா, வீட்டில் பாக்கி இருந்த சண்டை தீர்ந்ததா, இவைதான் பெரும்பாலும் கணக்கில் வந்தன.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? சரியான பதில் கிடைத்துவிட்டால் துக்கம் வற்றிவிடும் என்ற எண்ணத்தில் நீங்கள் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறீர்கள். பதில் கையில் இருந்தவர்களுக்கே அது நடக்கவில்லை. பட்டினத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வத்தை உதறியவர். இந்த உடம்பு ஒன்றுமில்லை, உறவு ஒன்றுமில்லை என்று பாடிப்பாடித் தீர்த்தவர். அம்மா செத்ததும் சுடுகாட்டுக்கு வந்து நின்று என்ன பாடினார்? ‘வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து’ வளர்த்த தாய்க்கா விறகில் இட்டுத் தீ மூட்டுவேன் என்று அழுதார். வாழ்நாள் முழுக்கச் சொன்ன தத்துவம் அங்கே எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, பக்கத்திலேயே நின்றிருக்கும். அதன் வேலை அழுகையை நிறுத்துவது இல்லை.

அந்தக் கல்யாண பேண்டு. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடிய 194ஆம் பாட்டு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தானே, ‘பண்பிலாளன்’ என்று கடவுளையே திட்டுகிறார் புலவர். திட்டிவிட்டு, ‘இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே’ என்று முடிக்கிறார். இந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்து ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய வரிதான் முக்கியம். முதலில் திட்டத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இன்னும் திட்டவே இல்லை தம்பி. பேண்டுகாரரையும் திட்டவில்லை, அப்பாவையும் திட்டவில்லை.

இப்போது அந்த 40 நிமிடம். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் வாக்கியமாக இருக்கிறது, அங்கே மட்டும் மணிக்கணக்கு இருக்கிறது: நாலரை, 5.10, குர்லா. மனசு எதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறதோ அதற்குத்தான் நேரம் துல்லியமாக ஞாபகம் இருக்கும். ‘செத்த பிறகு என்ன இருக்கிறது’ என்ற பெரிய கேள்விக்குக் கீழே, ‘நான் இருந்திருந்தால்’ என்ற சின்னக் கேள்வி படுத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் எழுதுங்கள்.

எங்கள் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இரவு பகலாகக் கூடவே இருந்த மகள் டீ குடிக்கக் கீழே இறங்கியதும், பிள்ளை டாய்லெட் போனதும் உயிர் பிரிவது சர்வ சாதாரணம். ஆள் போகட்டும் என்று காத்திருந்து போனார் என்று நர்சுகள் சொல்வதுண்டு. அதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் நீங்கள் இருந்திருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள் என்று சொல்ல முடியும். மூச்சு வேகமாகி, ஆழமாகி, பிறகு நின்றுபோய், மறுபடி தொடங்கும். இடைவெளி கூடிக்கொண்டே போகும். தொண்டையில் சளி உருளும் சத்தம் கேட்கும், பார்ப்பவருக்குத்தான் அது கொடுமை, பெரும்பாலும் நினைவு தப்பியிருக்கும் அவருக்கு இல்லை. ஒரு கடைசி வார்த்தை, ஒரு கண் ஜாடை இதெல்லாம் சினிமாவில் வருவது. நாலரைக்கும் 5.10க்கும் நடுவில் உங்களுக்காக ஏதோ ஒரு வாக்கியம் வைத்திருந்து, ஆளில்லாமல் அதை விழுங்கிவிட்டுப் போயிருப்பார் என்று கற்பனை செய்யாதீர்கள்.

காது வேண்டுமானால் வேலை செய்திருக்கலாம். கடைசி மணிநேரங்களில், பதில் கொடுக்க முடியாத நிலையில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளைக் கனடாவில் அளந்து பார்த்தார்கள், 2020இல் வெளிவந்த ஆய்வு அது. சிலருடைய மூளை அப்போதும் ஒலிக்கு மாறுதல் காட்டியது. ஒன்பது மணிக்குப் பிறகு நாலரைவரை நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். நர்சிடம் பேசியிருப்பீர்கள், அம்மாவுக்குப் போன் போட்டிருப்பீர்கள், இருமியிருப்பீர்கள். பிள்ளையின் குரல் அந்த அறையில் இருந்தது.

அப்புறம் அந்தப் பொய். ‘அனுப்பிட்டேன்ப்பா.’ பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் என்றால் என்னவென்று நான் அறிவேன், என் பெரியப்பாவும் ரயில்வே. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். ஸ்பானர் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. பெரியப்பா கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைப்பார், மெஷின் ஏற்காது, “செத்துட்டேன்னு சொல்லுதுடி இது” என்பார். இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்துவிட்டது. போகட்டும். சாகிற ராத்திரியில் ஒரு மனிதர் தன் பென்ஷனுக்காகவா அதைக் கேட்டிருப்பார்? தான் போய்விட்டால் காகிதம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கவுன்டர் கவுன்டராக அலைவாள் என்பது ஒரு ரயில்வே ஃபிட்டருக்கு நன்றாகத் தெரியும். முருகன் கோயிலுக்குப் போகிற, தன் கொள்கையை ஒரு நாளும் ஏற்காத அந்த மனைவிக்காகக் கேட்ட கேள்வி அது. ‘ஒரு மனுஷனின் கடைசிப் பேச்சு இதுவா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேட்ட கடைசிப் பேச்சுகளில் இது நல்ல பேச்சு. ‘அனுப்பிட்டேன்’ என்றதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, கவனித்தீர்களா?

மகளுக்கு வருவோம், இதைத் தள்ளிப்போட முடியாது. நம் இலக்கணத்திலேயே செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதற்கு மங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘உறங்குவது போலும் சாக்காடு’ என்று குறளும் சொல்கிறது. பெரியவர்களுக்கு அது அழகு. எட்டு வயதுக்கு அது பயம். தாத்தா தூங்கினார், எழவில்லை, பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள் என்றால் எந்தக் குழந்தை கண்ணை மூடும்? இன்றைக்கே உட்கார்ந்து சொல்லுங்கள்: “அப்பா தப்பாச் சொல்லிட்டேன்மா. தாத்தா தூங்கலை, செத்துட்டார். அவர் இதயமும் மூச்சும் நின்னுபோச்சு. இனிமே அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டார். தூங்கறது வேற, தூங்கினா காலையில எழுந்துடுவோம்.” அப்புறம் எங்கே என்று கேட்பாள். “பாட்டி சாமிகிட்ட இருக்கார்னு நம்பறா. சின்னத் தாத்தா மண்ணோட மண்ணாக் கலந்துட்டார்னு நம்பறார். அப்பாவுக்குத் தெரியலை” என்று உள்ளதைச் சொல்லலாம். மூன்று பதில்களைக் குழந்தைகள் தாங்குவார்கள், நம்மைவிட நன்றாகவே. அவர்களால் தாங்க முடியாதது பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற வாசனைதான்.

கருமாதியா படத்திறப்பா? இரண்டும் வையுங்கள் என்பேன், வேறு வேறு நாளில். படத்திறப்பு அப்பாவின் விருப்பம், அவர் தோழர்கள் வரட்டும், பேசட்டும். அம்மாவின் சடங்கு அம்மாவுக்கு. சடங்கு செய்தால் அப்பாவின் கொள்கைக்குத் துரோகம் என்று சித்தப்பா சொன்னால், அண்ணி 50 வருடம் பக்கத்தில் குடித்தனம் செய்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 16ஆம் நாள் தாண்டிவிட்டதே என்று அம்மா கலங்கினால் கோயில் குருக்களைக் கேட்கச் சொல்லுங்கள், விட்டுப்போனதற்கு அவர்களிடம் எப்போதும் ஒரு வழி இருக்கும்.

சடங்குகள் அவ்வளவு வளையும். மலபார் ஹில்லில் பார்சிகளின் தூங்கர்வாடி இருக்கிறதே, உடலைக் கழுகுகளுக்கு வைக்கும் இடம். மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுக்கக் கழுகுகளை அநேகமாக அழித்துவிட்டது. கால்நடைக்கு அதைக் கொடுப்பதை 2006இல் தடை செய்தார்கள், ஆனால் கழுகுகள் திரும்பவில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம், ஒரு ஊசி மருந்தில் தடுமாறிப்போயிற்று. சூரிய ஒளியைக் குவித்துப் பார்க்கிறார்கள், சிலர் தகனத்துக்கு வந்துவிட்டார்கள். நான்காம் நாள் விடியலில் உயிர் மறுவுலகுக்குப் போகும் சின்வத் பாலத்தைக் கடக்கிறது என்ற பிரார்த்தனை மட்டும் நிற்கவில்லை.

என் அப்பாவின் பத்தாம் நாளுக்கு நாங்கள் வாக்கேஷ்வரில் பாணகங்கா குளத்துக்குப் போனோம். பிண்டத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் காக்கா வரவில்லை. மூன்று காக்கா மதில்மேல் உட்கார்ந்து பார்க்கிறது, இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு மராத்திக்காரப் பெரியவர், அவருக்கு ஏதோ ஆசை மீதி இருக்கிறது, சத்தமாக வாக்குக் கொடுங்கள், அப்போதுதான் தொடும் என்றார். அவர்கள் வழக்கம் அது. என் அண்ணன் கணக்கு வாத்தியார், இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு, எல்லார் முன்னாலும், “அப்பா, தங்கச்சிகூட இனிமே பேசறேன்” என்றான். அதற்கு முந்தைய நாலு வருடமாக நானும் அவனும் பேசிக்கொண்டதில்லை. காக்கா அதற்காக வந்ததா, பசித்து வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உங்கள் துக்கத்துக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், துக்கம் நீண்டு நோயாகிவிட்டது என்று சொல்லவே குறைந்தது ஆறு மாதம் ஆக வேண்டும். ஆகவே இப்போதைக்கு நீங்கள் நோயாளி இல்லை. ஆனால் தூக்கம் இரண்டு மணிக்கு மேல் போவதும், வேலைக்குப் போக முடியாததும் இப்படியே இன்னும் சில வாரம் நீடித்தால் காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். யூடியூபை பத்து மணிக்கு மூடுங்கள். எமனே தயங்கிய கேள்வி, நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

8.17ஐ விட்டால் 8.25ஐப் பிடியுங்கள், ஆபீசில் நாலு நாள் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒரு நாள் மட்டும் லீவு போட்டு அம்மாவை பாங்குக்கு அழைத்துப் போங்கள். லைஃப் சர்டிபிகேட் போகவில்லை என்பதால் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய உரிமை போய்விடாது, பயப்படாதீர்கள். இறப்புச் சான்றிதழ், பென்ஷன் ஆணையின் நகல், அம்மாவின் ஆதார், பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், வேறென்ன வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். காலையிலேயே போய்விடுங்கள், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூட்டம். கையெழுத்தை அம்மாவையே போடச் சொல்லுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போய் அஸ்தியை வாங்கிக்கொள்ளலாம். ராமேஸ்வரம் இப்போது முடியாவிட்டால் நாசிக் ராம்குண்டம் ஒரு நாளில் போய்வரும் தூரம், அதை அம்மா முடிவு செய்யட்டும். அலமாரி எண் போட்ட ரசீதைக் கேட்பார்கள். பென்ஷன் ஆணை எங்கே இருக்கிறதோ, அநேகமாக அதுவும் அங்கேதான் இருக்கும், அந்த மஞ்சப்பையில்.